ஞாயிற்றுக்கிழமை காலையில் வரையப் போகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன் பக்கத்துத் தமிழர்கள் சிலர் சேர்ந்து, மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை, கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரைகிறோம். பூக்கடை, இஸ்திரி வண்டி, ஏரிக்கரைப் படிக்கட்டு, டீக்கடை பெஞ்சு போன்ற அன்றாடக் காட்சிகள்தாம் எங்கள் பாடம். புதிதாக வருபவர்களின் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதிவைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் முந்தைய பதிலைச் சுட்டியிருப்பதால், முதல்முறை படிப்பவர் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எனக்கு வரையவே வராது சார். ஸ்கூலில் மாம்பழம் வரைந்ததோடு சரி. நான் வரலாமா?

வரலாம். எங்களோடு வருபவர்களில் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் இருவர்தாம். மற்றவர்கள் வங்கி ஊழியர், செவிலியர், தையற்கடைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கல்லூரி மாணவர்கள். வரையத் தெரியாது என்பவரிடம் டீ கிளாஸ் ஒன்றைக் காட்டி, அதன் வாய் என்ன வடிவம் என்று கேட்டால், பெரும்பாலோர் பார்க்காமலே வட்டம் என்கிறார்கள். அதே கிளாஸை மெல்ல உயர்த்திக் கண்மட்டத்துக்குக் கொண்டுவரும்போது, வட்டம் நீள்வட்டமாகி, பிறகு வெறும் கோடாகிவிடுவதைக் கண்டு சிரிக்கிறார்கள்.

கைக்குப் பயிற்சி வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் முதல் ஆறு மாதங்களில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி, மனத்துக்குத் தெரிந்ததை வரைந்துவிட்டுக் கண் கண்டதை விட்டுவிடுவதால் வருவது. அந்தப் பிழைக்கு எங்களோடு வந்து உட்காருவதைவிட வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

2. என்னென்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்? ஆன்லைனில் ஒரு செட் பார்த்தேன், வாங்கிவிடட்டுமா?

வாங்க வேண்டாம். முதல் மூன்று முறைக்கு ஒரு 2பி பென்சில், ஒரு 6பி பென்சில், பிளேடோ ஷார்ப்னரோ ஒன்று, பத்து ஜெராக்ஸ் தாள், தாளைச் செருக ஒரு பரீட்சை அட்டை ஆகியவை போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது பலருக்குக் கண்டிப்பாகத் தோன்றுகிறது. ஆனால் ரப்பர் கையில் இருந்தால் முதல் கால் மணி நேரம் ஒரே கோட்டை அழித்து எழுதுவதிலேயே போய்விடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பிழையான கோட்டின் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டால், எவ்வளவு விலகியிருந்தது என்பதும் தெரியும்.

பழக்கம் நிலைத்தபின் தைத்த ஏடு ஒன்று வாங்கலாம். ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடை கொண்டது. பென்சிலுக்கு அது போதும், மைப்பேனாவுக்கு 120க்கு மேலும், நீர்வண்ணத்துக்கு 300 கிராமும் இருந்தால் தாள் சுருளாது. மடக்கு முக்காலி, தொப்பி, தண்ணீர் பாட்டில், காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப் ஆகியவை, விலையுயர்ந்த வண்ணப் பெட்டியைவிட முன்னதாக வாங்கப்பட வேண்டியவை.

3. கூட்டம் எப்படி நடக்கும்? யாராவது சொல்லித் தருவார்களா?

வகுப்பு இல்லை, ஆசிரியரும் இல்லை. ஏழு மணிக்குக் குறித்த இடத்தில் கூடி, முதல் பத்து நிமிடம் எல்லாரும் ஒன்றாக நின்றபடி அரை நிமிடப் படங்கள் வரைகிறோம். கை சூடாவதற்காகச் செய்வது, யாரும் பார்ப்பதில்லை. பிறகு அவரவர் விரும்பிய இடத்துக்குப் பிரிந்துபோய், ஒன்பது மணிக்குத் திரும்பி, ஏடுகளை ஒரு திண்ணையிலோ படிக்கட்டிலோ வரிசையாக விரித்து வைத்து அரை மணி நேரம் பார்க்கிறோம்.

கேட்டால் ஒழிய யாரும் யாருடைய படத்தையும் திருத்த மாட்டார்கள், அடுத்தவர் தாளில் கோடு போட மாட்டார்கள். நாங்கள் எழுதாமலே காப்பாற்றிவரும் ஒரே விதி இதுதான். ஒருமுறை நல்லெண்ணத்தோடு ஒருவர் புதியவரின் கோபுரத்தை நிமிர்த்திக் கொடுத்தார். அந்தப் புதியவர் அதற்குப் பிறகு வரவில்லை.

4. போட்டோ எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஃபேன் காற்றில் வரையலாமே! வெயிலில் போய் உட்காருவது எதற்கு?

போட்டோவைப் பார்த்து வரைவது தவறில்லை. அது வேறு வேலை. கைப்பேசியின் கண்ணாடிவில்லை அகன்ற கோணத்தைப் பிடிப்பதால், அருகில் உள்ள பூக்கூடையைப் பெரிதாக்கி, தூரத்துக் கட்டடத்தைச் சுருக்கிவிடுகிறது. வெயிலும் நிழலும் கலந்த தெருவில் நிழற்பகுதி பெரும்பாலும் கறுத்துப்போகும். அதே நிழலுக்குள் நம் கண் செருப்புத் தைப்பவரின் பெட்டியையும், பெட்டிக்குள் நூற்கண்டையும் காண்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதை விடுவது என்பதைப் போட்டோவில் நாம் முடிவுசெய்வதில்லை. நேரில் இரண்டு மணி நேரமே இருக்கிறது என்பதால் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது விட்டுவிட வேண்டியிருக்கிறது. படம் உயிரோடு இருப்பது அந்த விடுதலால்தான் என்பது என் கருத்து.

நேரில் வரைவதில் இன்னொன்றும் உண்டு: வரையப்படுபவர் பேசுவார். அல்சூர்ச் சந்து ஒன்றில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவரை நாற்பது நிமிடம் வரைந்து, நன்றாக வந்துவிட்டது என்று நினைத்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சட்டையில சுருக்கம் எடுக்குறது இடது கைங்க. வலது கை சும்மா பெட்டியத் தள்ளும், அவ்வளவுதான். நீங்க இடது கைய இடுப்புல வெச்சுட்டீங்க" என்றார். மறுபடி பார்த்தேன். இடது உள்ளங்கை துணியை முன்னால் நீவிக்கொண்டே போக, கரிப்பெட்டி அதைப் பின்தொடர்ந்தது. அந்தத் தெருவை நான் பத்து ஆண்டுகளாகக் கடந்துவந்திருக்கிறேன்.

5. இது வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துக் கிளம்பிய பழக்கம்தானே?

இன்றைய வடிவத்துக்கு அப்படி ஒரு வேர் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் வெளியே போய் வரைவது என்னும் ஏற்பாட்டை என்றிகோ கசரோசா 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். சியாட்டில் நகரத்து நாளிதழ் ஓவியரான கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் நகர வரைஞர்களுக்காக இணையத்தில் தொடங்கிய குழு, இன்று பல நாடுகளில் கிளைவிட்டிருக்கிறது. நேரில் பார்த்து வரைய வேண்டும், கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும், சேர்ந்து வரைய வேண்டும் என்பவை அவர்களுடைய கொள்கைகளில் அடங்கும்.

ஆனால் நேரில் அமர்ந்து வரைவது நமக்குப் புதிதல்ல. ஆனந்த விகடனுக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்த கோட்டோவியங்களைத் தீபாவளி மலர்களிலும் பழைய பைண்டு புத்தகங்களிலும் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களில் உண்டு. அவர் நாட்கணக்கில் செய்ததை நாம் இரண்டு மணி நேரத்தில் செய்ய முயலக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

6. அவ்வளவு பெரிய மார்க்கெட்டில் எதை வரைவது என்றே தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து ஒரு மணி நேரம் போய்விட்டது.

இது எல்லாருக்கும் நேர்வது. சிட்டி மார்க்கெட்டுக்குப் போன முதல் நாள் நானும் ஒரு கோடுகூடப் போடவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் நடக்காதீர்கள். முதலில் உட்கார நிழலும் முதுகுக்குச் சுவரும் உள்ள இடத்தைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து தெரிவதில் ஒன்றை எடுங்கள். இடம் வசதியாக இருந்தால் பொருள் தானே கிடைக்கும். பொருளை முதலில் தேர்ந்தால் மூட்டை சுமப்பவரின் வழியில்தான் உட்கார நேரும்.

பழைய அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, அதன் வழியாகப் பார்த்தால் தேர்வு எளிதாகும். 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டின் முகப்பு முழுவதையும் வரைய முயல்வதைவிட, அதன் ஒரு வளைவையும் வளைவின் கீழே தொங்கும் தராசையும் வரைந்தால் அந்த இடம் நன்றாகவே அடையாளம் தெரியும். அல்சூர் சோமேசுவரர் கோயிலின் கோபுரத்திலும் இதே முறைதான்: முதலில் மேலே குறுகிச்செல்லும் மொத்த வடிவம், பிறகு நிலைகளைப் பிரிக்கும் கோடுகள், கடைசியில் ஒரே ஒரு மூலையில் மட்டும் நான்கைந்து பொம்மைகளை விவரமாக வரைந்துவிட்டால், மற்றவற்றைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

7. ஆட்கள் அசைந்துகொண்டே இருக்கிறார்களே? தலை வரைந்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

அசைவைக் கொஞ்ச நேரம் வரையாமல் பாருங்கள். தொழில் செய்பவர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பூக்கட்டும் அம்மா கையில் பூவெடுத்து, நாரைச் சுற்றி, முடிச்சை இறுக்கி, மறுபடி பூவெடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். அந்தச் சுற்றில் ஒரு நிலையை மட்டும் தேர்ந்துகொண்டு, அவர் அந்த நிலைக்கு வரும்போதெல்லாம் இரண்டு கோடு போட்டு, மற்ற நேரத்தில் கூடையையும் பின்னாலுள்ள சுவரையும் வரையலாம். டீ ஆற்றுபவரின் கை மேலே போகும் கணமும் அப்படிப்பட்டதுதான்.

நடந்துபோகிறவர்களுக்குத் தலையிலிருந்து தொடங்கக் கூடாது. முதுகின் சாய்வு ஒரு கோடு, எடை தாங்கும் கால் ஒரு கோடு, கையிலுள்ள பை. அவ்வளவில் ஆள் வந்துவிடுவார். ஒருவர் பாதியில் போய்விட்டால், அதே உயரத்தில் அடுத்து வருபவரின் சட்டையை அவருக்குப் போட்டுவிடலாம். எங்கள் ஏடுகளில் இப்படிப் பலர் ஒருவர் உடம்பில் இன்னொருவர் தலையோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்காகத்தான் மூன்றாம் பதிலில் சொன்ன அரை நிமிடப் படங்கள்.

8. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கை நடுங்குகிறது, அக்கா. என்ன செய்வது?

குழுவாக வருவதன் முதல் பயன் இதற்குத்தான். ஒருவர் தனியாகத் தெருவில் உட்கார்ந்து வரைந்தால் வேடிக்கை; எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். புதியவர்களை எங்களில் பழகிய இருவருக்கு நடுவில் உட்கார வைப்பதும், முதுகு சுவரில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் அதனால்தான்.

அப்படியும் யாராவது எட்டிப் பார்த்தால், ஏட்டை மூடாதீர்கள். மூடினால் ஆர்வம் கூடும். தலையை நிமிர்த்தி ஒரு சிரிப்பு, ஒரு வணக்கம் போதும். சிறுவர்கள் கூடிவிட்டால் அவர்களிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் அவர்களே என்னை மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்ற பதிலைக் கேட்டதும் அவர்களுக்கு நம்மீது இரக்கம் பிறந்து, நிழலாகப் பார்த்து இடம் மாற்றி உட்காரவைக்கவும் செய்வார்கள்.

9. ஒருவரைக் கேட்காமல் வரையலாமா? கோபித்துக்கொண்டால்?

தூரத்துக் கூட்டத்தில் முகம் தெரியாமல் வரையும் உருவங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பத்தடிக்குள், முகம் அடையாளம் தெரியும்படி வரைவதானால் கேட்பதே மரியாதை. கேட்டதும் அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வாரிக்கொள்வார், இயல்பு போய்விடும் என்பது உண்மை. ஐந்து நிமிடம் பொறுத்தால் வியாபாரம் அவரைப் பழையபடி வளைத்துவிடும். ஒரு முழம் பூவோ ஓர் இளநீரோ வாங்கிக்கொண்டு உட்காருவதும், வரைந்ததை முதலில் அவருக்கே காட்டுவதும் முறை. வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். தாளைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். குழந்தைகளை வரையப் பெற்றோரின் அனுமதி தேவை. நடைபாதையில் உறங்குபவர், பிச்சை கேட்பவர், மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர் ஆகியோரை நாங்கள் வரைவதில்லை. இதைப் பற்றி எங்களுக்குள் ஒருமுறை நீண்ட வாதம் நடந்தது. மறுக்கும் நிலையில் இல்லாதவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்ற பக்கமே நான் நின்றேன், இன்னும் நிற்கிறேன்.

கன்னடம் பேசும் கடைக்காரரிடம் "இல்லி கூத்கொண்டு சித்ர பரீபஹுதா?" என்று கேளுங்கள், இங்கே உட்கார்ந்து படம் வரையலாமா என்று பொருள். எழுதுவதற்கும் வரைவதற்கும் கன்னடத்தில் "பரெ" என்னும் ஒரே சொல்தான், நம் "வரை"யின் உடன்பிறப்பு. நம்மவர்களும் ஓவியத்தை ஒரு காலத்தில் "எழுதி"யவர்கள்தாமே.

10. எங்கெல்லாம் வரையக் கூடாது? போலீஸ் பிடித்துக்கொள்ளுமா?

பூங்காவிலும் தெருவிலும் சந்தையிலும் வரைவதற்கு எங்களை யாரும் தடுத்ததில்லை. ஆனால் இது பாளையப் பகுதி (கன்டோன்மென்ட்). மதராஸ் சாப்பர்ஸ் என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் பொறியாளர் படையின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. இராணுவ வளாகங்களின் வாயில், மதில், காவற்கூண்டு ஆகியவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வரையக் கூடாது. 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம், தடைசெய்யப்பட்ட இடங்களைப் பற்றிப் பேசும்போது கையால் வரைந்த படத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஏரியை வரையும்போது அந்த வளாகத்துக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்; வரைவதற்குப் பல ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை ஏரிப் பக்கத்தில் இருக்கிறது.

இரயில் நிலையம், விமான நிலையம் போன்றவற்றில் பாதுகாப்புக் காவலர் கேட்டால் வாதாடாமல் ஏட்டைக் காட்டி எழுந்துவிடுங்கள். கோயிலுக்குள் பிராகாரத்தில் கேட்டுக்கொண்டு வரையலாம். கருவறைப் பக்கம் வேண்டாம்.

11. பெண்கள் தனியாக வரலாமா? குழந்தையைக் கூட்டி வரலாமா?

எங்களில் பாதிக்கு மேல் பெண்கள்தாம். இடம் தேர்ந்தெடுக்கும்போது மெட்ரோவிலிருந்து நடந்துவரும் தொலைவு, அருகில் சுத்தமான கழிப்பறை ஆகிய இரண்டையும் பார்த்த பிறகே காட்சியைப் பார்க்கிறோம். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பெற்றோருடன் வரலாம்; சாலையோரமாக இல்லாமல் கப்பன் பூங்காவில் கூடும் நாட்களே அவர்களுக்கு ஏற்றவை.

12. மழை வந்தால்?

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி என்றாலும் அது பெரும்பாலும் மாலையில் வருவதால் காலைக் கூட்டம் தப்பிவிடுகிறது. காலையிலேயே தூறினால் ஏதாவது ஒரு தர்ஷினிக்குள் போய், நின்றபடியே சாப்பிடும் வட்ட மேசையைச் சுற்றிக்கொள்கிறோம். காபி டபராக்கள் முதல் பதிலில் சொன்ன நீள்வட்டத்துக்கு நல்ல பாடம்.

13. நான் வரையும் கட்டடம் எல்லாம் சரிந்து விழுகிறது. பர்ஸ்பெக்டிவ் புத்தகம் படிக்க வேண்டுமா?

தூரம் போகப் போகப் பொருள்கள் எப்படித் தோன்றும் என்று சொல்லும் அந்தப் புத்தகத்தைப் பிறகு படிக்கலாம். முதலில் தாளில் உங்கள் கண்மட்டத்தை ஒரு மெல்லிய கிடைக்கோடாகப் போட்டுவிடுங்கள். அதற்கு மேலே உள்ள சன்னல் விளிம்பு, கூரை, பெயர்ப்பலகை ஆகியவற்றின் கோடுகள் தூரம் போகப் போக அந்தக் கோட்டை நோக்கி இறங்கும். கீழே உள்ள படிக்கட்டு, நடைபாதை விளிம்பு ஆகியவை ஏறும். இந்த ஒன்றைக் கவனித்தாலே தெருக்காட்சியின் பெரும்பாலான சரிவு நின்றுவிடும்.

முக்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டம் தாழ்ந்துவிடும் என்பதை மறக்கிறார்கள். நீங்கள் நின்று வரையும்போது, சமதரையில் உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்களும், அருகிலிருந்தாலும் தூரத்திலிருந்தாலும், அந்த ஒரே கோட்டின்மேல் வரும். உட்கார்ந்து வரையும்போது அந்தக் கோடு அவர்கள் இடுப்பை ஒட்டிப் போகும். உட்கார்ந்த கண்ணால் கட்டடத்தையும் நின்ற பழக்கத்தால் ஆட்களையும் வரைவதால்தான் ஆட்கள் பள்ளத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறார்கள். அளவெடுக்கப் பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழைய முறையே போதும். முழங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுவதும் நீண்டிருக்க வேண்டும்.

14. நிழல் போட்டு முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிடுகிறதே!

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் 30 பாகை. எனவே உட்கார்ந்தவுடனே, எந்த விவரமும் வரைவதற்கு முன்னால், நிழல்களின் எல்லையை மெல்லக் கோடிட்டுவிட்டு, பிறகு நிழல் எங்கே போனாலும் அந்த எல்லையையே நம்புங்கள். பாதியில் திருத்தினால் ஒரு தூணுக்கு ஏழரை மணி நிழலும் அடுத்த தூணுக்கு ஒன்பது மணி நிழலும் விழும். கண்ணைப் பாதி இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே அடுக்கு மிஞ்சும். மூன்றுக்கு மேல் போட வேண்டாம்.

நாங்கள் ஏழு மணிக்குக் கூடுவதற்குக் காரணமும் இதுவே: சாய்ந்த வெயிலில் நிழல் நீளமாக விழுந்து வடிவத்தைக் காட்டும். நண்பகலில் அது காலடிக்குள் சுருண்டுவிடும். ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் பெங்களூருக்கு நேர் மேலே வருவதால், நட்டு வைத்த கோலுக்கு நிழலே இருக்காது.

15. பேனாவில் வரைந்து மேலே கலர் அடித்தேன், எல்லாம் கலைந்து ஓடிவிட்டது. எந்த மை வாங்குவது?

சாதாரண ஃபவுண்டன் பேனா மை சாயத்தால் ஆனது. தண்ணீர் பட்டால் கரையும். நிறமித் துகள் கலந்த, தண்ணீரில் கரையாத மை என்று சீசாவில் குறித்திருப்பதை வாங்கி, ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். தொட்டு எழுதும் நிப்புக்கான அரக்கு கலந்த இந்திய மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. உள்ளேயே உறைந்து பேனாவைக் கெடுத்துவிடும். சாதாரண பால்பாயிண்ட் பேனா பெரும்பாலும் கலையாது என்பதோடு, அழுத்தத்துக்கேற்ப மெலிந்து தடிக்கவும் செய்யும். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, அல்ட்ராமரைன் நீலத்தையும் எரிந்த சியன்னா என்னும் காவியையும் கலந்தால் தார்ச்சாலை முதல் மழைமேகம் வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். பெட்டியில் வரும் ஆயத்தப் பச்சையை அப்படியே மரத்துக்கு அடித்தால் பிளாஸ்டிக் இலைபோல் தோன்றும். அதில் அந்தக் காவியைச் சிறிது சேர்த்தால் கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நெருங்கிவிடலாம்.

16. கடைசியில் எல்லாரும் படத்தைக் காட்டியே ஆக வேண்டுமா? என்னுடையது அசிங்கமாக இருக்கும்.

கட்டாயம் இல்லை. ஆனால் காட்டுங்கள் என்றே சொல்வேன். ஒரே மூலையை ஆறு பேர் வரைந்த ஆறு ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, ஒருவர் பூனையைப் பார்த்திருப்பார், மற்ற ஐவருக்கும் அங்கே பூனை இருந்ததே தெரிந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றது, வரைந்த இரண்டு மணி நேரத்தில் கற்றதைவிட அதிகம். "சூப்பர்" என்று மட்டும் சொல்வதை நாங்கள் தவிர்க்கிறோம். "இந்தத் தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டியதுபோலவே இருக்கிறது" என்று எதையாவது சுட்டிச் சொன்னால்தான் வரைந்தவருக்குப் பயன்.

17. வீட்டுக்குப் போய்த் திருத்தலாமா? அது ஏமாற்று வேலையா?

வண்ணம் சேர்ப்பது, இருட்டை அழுத்துவது போன்றவற்றை வீட்டில் செய்வதில் தவறில்லை, நானும் செய்கிறேன். பார்க்காத எதையும் புதிதாகச் சேர்க்காமல் இருந்தால் போதும். நான்காம் பதிலில் வரும் இஸ்திரிக்காரரின் இடுப்புக் கையை நான் திருத்தவில்லை. அதே பக்கத்தில், அவர் சொன்னதையும் தேதியையும் எழுதிவைத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் இடது கையை மட்டும் மூன்று முறை வரைந்தேன்.

18. இரண்டு வருடமாக வருகிறேன். முன்னேற்றமே தெரியவில்லை. விட்டுவிடலாமா?

முதல் ஏட்டையும் இப்போதைய ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். கண் கையைவிட வேகமாகத் தேறுவதால், முன்பு தெரியாத பிழைகள் இப்போது தெரிகின்றன. அதைத்தான் பலர் தேக்கம் என்று எண்ணுகிறார்கள்.

உண்மையிலேயே தேங்கியிருந்தால், நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப வரைகிறீர்களா என்று பாருங்கள். எங்களோடு வரும் கணக்கு வாத்தியார் ஓராண்டு முழுவதும் மரங்களை மட்டுமே வரைந்தார், அழகாகவும் வரைந்தார். ஆட்கள் வந்தால் மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். மூன்று மாதம் மரமே கூடாது என்று அவருக்கு அவரே தடை போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களை வரைந்தார். முதல் மாதப் படங்களை அவர் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரைவது, இடது கையால் வரைவது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு படத்துக்குக் கொடுக்காமல் இருப்பது ஆகியவையும் இறுக்கத்தைத் தளர்த்தும்.

19. வரைந்ததை விற்கலாமா? கட்டடக்காரர், சிலை செய்தவர் யாராவது வழக்குப் போடுவார்களா?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, கட்டடத்தை வரைவதையும் வரைந்ததை வெளியிடுவதையும், பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தை வரைவதையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. சுவரோவியங்கள் அந்த விதிவிலக்கில் தெளிவாக அடங்காதவை. தெருவின் ஒரு பகுதியாக அவை உங்கள் படத்தில் வருவது வேறு, சுவரோவியத்தை மட்டும் அப்படியே நகலெடுத்து விற்பது வேறு. பின்னதைச் செய்யாதீர்கள். ஒருவரின் முகம் தெளிவாகத் தெரியும் படத்தை விற்பதானால், ஒன்பதாம் பதிலில் சொன்ன அனுமதியை விற்பனைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். பூக்கார அம்மாவின் படம் விற்றால் அதில் ஒரு பங்கு அவருக்குப் போக வேண்டும் என்பது சட்டமில்லை, எங்கள் வழக்கம்.

20. வேலை மாற்றலாகி ஒசூர் போகிறேன். அங்கே இப்படி ஒரு கூட்டத்தை எப்படித் தொடங்குவது? எத்தனை பேர் வேண்டும்?

உங்களோடு சேர்த்து இருவர். நாங்கள் தொடங்கும்போது மூவர், அதில் ஒருவர் வரையாமல் இட்லி வாங்கிவர மட்டும் எழுந்துபோவார். ஆட்களைச் சேர்ப்பதைவிட நாளையும் நேரத்தையும் மாற்றாமல் இருப்பது முக்கியம். எல்லாருக்கும் வசதியான நாள் எது என்று வாட்ஸ்ஆப்பில் கேட்கத் தொடங்கினால் அந்த நாள் வரவே வராது. முதல் நான்கு கூட்டங்களை ஒரே இடத்தில் வையுங்கள், தாமதமாக வருபவர் தேடி அலையாமல் இருக்கட்டும். கூடும் இடம், காட்டும் நேரம், அடுத்தவர் தாளில் கோடு போடக் கூடாது என்னும் மூன்றாம் பதிலின் விதி ஆகியவற்றை மட்டும் அழைப்பில் எழுதினால் போதும். யாரும் வராத ஞாயிறும் வரும். அன்றைக்கும் ஏழு மணிக்கு உட்கார்ந்து, ஒன்பது வரை வரைந்து, பக்கத்தின் ஓரத்தில் தேதியையும் இடத்தையும் எழுதிவிட்டு, படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். திண்ணையில் எங்கள் ஏடுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறோம்.